பொறுமைப் பட்டியல்

என் பவுண்டரிக்குக் கரண்ட் விற்பவனும் கேஸ் விற்பவனும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. மின்சாரத்தை யார் வேண்டுமானாலும் விற்கலாம் என்று அரசாங்கம் திறந்துவிட்ட வருஷமே எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம் இது. இந்தச் சட்டத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

காரணம் எளிது. இரும்பை உருக்குவது கரண்ட். கரண்ட் நின்றால், உலையைச் சுற்றிக் குளிர்ந்த தண்ணீரை ஓட்டும் பம்பையும் உலையைச் சாய்க்கும் மோட்டாரையும் இயக்குவது கேஸில் ஓடும் ஜெனரேட்டர். ஒன்று போனாலும் இன்னொன்றை வைத்து, உருகிய இரும்பைப் பத்து நிமிஷத்தில் வெளியே ஊற்றி உலையைக் காப்பாற்றிவிடலாம். இரண்டும் ஒரே நேரத்தில் போனால் இரும்பு உலைக்குள்ளேயே உறைந்துவிடும். அப்புறம் அது உலை இல்லை, ஒன்றரை டன் பாறை. எனக்கு இருப்பது ஒரே உலை. அதை நம்பி இருபத்திரண்டு பேர்.

என் பெயர் கலாமணி. அரசூர் தாண்டி இருக்கும் எங்கள் எஸ்டேட்டில் நாற்பது ஷெட். அதில் பெண் நடத்தும் பவுண்டரி என்னுடையது மட்டும். பம்பு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தவள், நொடித்துப்போன ஷெட் ஒன்றை வாங்கிப் பதினெட்டு வருஷமாகப் பம்பு உடல் வார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது கரண்ட் விற்பவர்கள் பதினாலு பேர், கேஸ் விற்பவர்கள் ஆறு பேர். கால் மணிக்கு ஒரு தரம் விலை மாறும். கம்பியும் குழாயும் பொது. அதில் யாருடைய சரக்கு வரவேண்டும் என்பது மட்டும்தான் நம் விருப்பம். இதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இரும்பை யார் உருக்குவது? அதற்காகவே எஸ்டேட் முழுக்க ஒரு செயலி வந்தது. 'ஒளித்துணை' என்று அழகாகப் பெயர் வைத்திருந்தார்கள். நாங்கள் புரோக்கர் என்றுதான் சொல்வோம். போனுக்குள் உட்கார்ந்திருக்கும். பச்சை விளக்கு எரிந்தால் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எப்போது உருக்குகிறோம், எப்போது ஊற்றுகிறோம், எவனோடு சண்டை, எவனோடு சமாதானம், எல்லாவற்றையும் கேட்டு, நமக்குத் தோதான விற்பனைக்காரனைப் பிடித்துத் தரும். வேலை நேரம் முழுக்க விளக்கை எரியவிட்டால் விலையில் சலுகை. நாற்பது ஷெட்டிலும் விளக்கு எரிந்தது.

முதல் வருஷம் அது செய்தி வாசிப்பது போலப் பேசியது. அடுத்த வருஷமே "ஏனுங்க", "சரிங்க" என்று எங்கள் ஊர்க்காரனாகிவிட்டது. யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று நான் யோசித்ததில்லை.

போன தை மாதம் புது ஒப்பந்தம் போடும்போது அதனிடம் துருவித் துருவிக் கேட்டேன்.

"கரண்டுக்குத் தென்திசை பவர், கேஸுக்கு நீலச்சுடர். இந்த ரெண்டும் உங்களுக்குத் தோதா இருக்குமுங்க" என்றது.

"ரெண்டுக்கும் பின்னால ஒரே முதலாளி இருக்கானா?"

"இல்லீங்க. வேற ஊரு, வேற ஆளுங்க. தோண்டிப் பாத்துட்டேனுங்க."

"தட்டுப்பாடு வந்தா நிறுத்திக்கலாம்னு எழுதிக் குடுத்தா விலை குறையுமே, அந்த மாதிரி ஏதாச்சும் உள்ள வச்சிருக்கியா?"

"உங்களுக்கு அது ஆகாதுன்னு எனக்குத் தெரியாதுங்களா? நீங்க சம்மதிக்காம யாரும் நிறுத்த முடியாதுங்க."

நானும் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டேன். எவ்வளவு சாமர்த்தியசாலி நான்.

இந்த இடத்தில் இரண்டு பேரைச் சொல்லிவிட வேண்டும். என் ஷெட்டுக்கும் அடுத்த ஷெட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் தினகரன். என்னைவிட ஆறு வயது சின்னவன். ஆனால் பவுண்டரி பெரியது, எண்பது பேர் வேலை செய்கிறார்கள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான், நானும் தம்பியாகத்தான் நினைத்தேன். ஒரு ஐப்பசி மழையில் அவன் ஷெட்டில் தண்ணீர் புகுந்து ஜெனரேட்டர் மூழ்கியபோது, என் ஜெனரேட்டரிலிருந்து கேபிள் இழுத்துக் கொடுத்து மூன்று நாள் அவனை ஓடவைத்தேன். துணைக்கு ஜெனரேட்டர் இல்லாததால் அந்த மூன்று நாளும் என் உலை சும்மா கிடந்தது. புரோக்கரை எஸ்டேட்டுக்குக் கொண்டுவந்தவன் அவன்தான்.

இன்னொருத்தி ருக்குமணி. சந்தின் கடைசி ஷெட். கோர் செய்கிறாள். பம்புக்குள்ளே தண்ணீர் போக வெற்றிடம் வேண்டுமே, அந்த வெற்றிடத்தின் வடிவத்தில் மணலைப் பிடித்து, கேஸ் அடுப்பில் சுட்டுத் தருவாள். அந்த மணல் பொம்மையை அச்சுக்குள் வைத்துத்தான் நாங்கள் இரும்பை ஊற்ற முடியும். இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு தானும் மணலில் கைவைத்து வேலை செய்கிறவள். நாம் அவள் காலை மிதித்தால் அவள் நம்மிடம் மன்னிப்புக் கேட்பாள்.

நானும் அந்த விஷயத்தில் லேசுப்பட்டவள் இல்லை. எங்கள் பக்கத்தில் 'பரவாயில்லீங்க' என்பது மூச்சு விடுவது மாதிரி. லாரி இரண்டு நாள் தாமதமாக வந்தாலும் பரவாயில்லை. காபியில் சர்க்கரை போட மறந்தாலும் பரவாயில்லை. உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கும், வாய் அதைத்தான் சொல்லும். எதிரில் இருப்பவர் முகம் வாடக் கூடாது, அவ்வளவுதான்.

சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை. மதியம் இரண்டரை மணி. வெயில் மண்டையைப் பிளந்தது. காற்று சுத்தமாக நின்றுபோய்ப் பத்து நாளாகியிருந்தது. காற்றாலைகள் சுற்றவில்லை, ஊர் முழுக்க ஏ.சி. ஓடுகிறது. தட்டுப்பாடு வரும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். எனக்குக் கவலை இல்லை. எனக்குத்தான் இரண்டு கை இருக்கிறதே.

உலை நிரம்பியிருந்தது. மயில்சாமியண்ணன் இரும்புக் கம்பியை விட்டுக் கசடு வழித்துக்கொண்டிருந்தார். நான் இந்த ஷெட்டை வாங்கிய நாளிலிருந்து உலை மேடையில் நிற்பவர். நெருப்பின் நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்வார். அந்த நேரம் போன் அடித்தது. புரோக்கர்.

"வேலையில இருக்கறப்ப தொந்தரவு பண்றேனுங்க. மன்னிக்கோணும்" என்றது.

"பரவாயில்ல, சொல்லு" என்றேன்.

அது ஏதோ சொன்னது. உலை இரைச்சலில் 'சின்ன மாற்றம்' என்று மட்டும் காதில் விழுந்தது. விலை மாறியிருக்கும் என்று நினைத்து போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

நான்கு நிமிஷம் கழித்து உலை இரைச்சல் நின்றது. திடீரென்று வந்த அந்த நிசப்தத்தை நான் இப்போதும் கனவில் கேட்கிறேன். "ஜெனரேட்டர் போடு" என்று மயில்சாமியண்ணன் சத்தமாகச் சொன்னார். போட்டார்கள். அது இரண்டு முறை இருமிவிட்டு அணைந்தது. மீட்டரைப் போய்ப் பார்த்தேன். கேஸ் வரவில்லை.

மேலே தொட்டியில் இருபது நிமிஷத்துக்குத் தண்ணீர் இருந்தது. அது தானாகவே இறங்கி உலையின் செப்புச் சுருளைக் குளிரவைக்கும். அதற்குள் இரும்பை ஊற்றியாக வேண்டும். ஊற்ற உலையைச் சாய்க்க வேண்டும். சாய்க்க மோட்டார் ஓட வேண்டும். நான் தினகரனின் ஷெட்டுக்கு ஓடினேன். சந்தில் ஓடும்போதே சுவருக்கு அந்தப் பக்கம் அவன் உலை ஜம்மென்று இரைந்துகொண்டிருப்பது கேட்டது. அவனும் தென்திசை பவரிடம்தான் கரண்ட் வாங்குகிறான். அதே கம்பி, அதே கம்பெனி. அவனுக்கு எப்படி ஓடுகிறது என்று யோசிக்க நேரம் இல்லை.

கேட்டுக்கு அவனே வந்தான். என் முகத்தைப் பார்க்காமல் என் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்துப் பேசினான்.

"அக்கா, நடு ஹீட்ல இருக்கறேன், இரும்பு பாதிதான் உருகியிருக்குது. இப்ப கேபிள் இழுத்தா எனக்கும் ட்ரிப் ஆயிரும். ஒரு இருவது நிமிஷம் குடுங்க."

"இருவது நிமிஷத்துல எனக்கு எல்லாம் முடிஞ்சிரும் தினகரா."

"முடிச்ச உடனே நானே இழுத்துட்டு வர்றேனுங்க்கா. சாமி சத்தியமா."

என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "பரவாயில்ல, சீக்கிரம் பாரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடிவந்தேன். உலை சாகப்போகிற நேரத்திலும் அவன் முகம் வாடக் கூடாது என்று அந்த வார்த்தை தானாக வந்தது.

நான் வருவதற்குள் மயில்சாமியண்ணன் பாரம் தூக்கும் செயின் பிளாக்கை மாட்டி, ஆறு பேரை வைத்து உலையைக் கையால் சாய்த்துக்கொண்டிருந்தார். பாதி சாய்ந்தது. இரும்பு மஞ்சளாக ஒழுக ஆரம்பித்தது. அப்போது செயின் ஒரு கண்ணி வழுக்கியது. உலை ஆடி, அரைக் கரண்டி அளவு இரும்பு அவர் வலது கால் மேல் கொட்டியது. பூட்ஸ் போட்டிருந்தார். இருந்தும் உள்ளே போய்விட்டது.

அவரைத் தூக்கிக்கொண்டு நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். உலையைப் பார்க்க யாரும் இல்லை. பார்த்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. மூன்றரைக்குக் கரண்டும் கேஸும் ஒன்றாக வந்ததாம். அப்போது உலைக்குள் பாறை இருந்தது.

மூன்று கால்விரல்களை எடுத்தார்கள். மயக்கம் தெளிந்து மயில்சாமியண்ணன் கேட்ட முதல் கேள்வி, "பர்னஸ் என்னாச்சுங்க அம்மிணி?"

"நல்லா இருக்குதுண்ணா" என்று பொய் சொன்னேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பரவாயில்லீங்க அம்மிணி. உள்ள லைனிங் மாத்திக்கலாம்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெளியே வந்து, ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் நின்று போனை எடுத்தேன்.

புரோக்கர் விஷயத்தில் அரசாங்கம் ஒரு சட்டம் போட்டிருக்கிறது. வாடிக்கையாளர் கேட்டால் எதையும் மறைக்கக் கூடாது. கேட்காததைச் சொல்ல வேண்டியதில்லை. ஏழு வருஷமாக நான் விலையையும் ஒப்பந்தத்தையும் தவிர எதையும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன்.

"நான் சம்மதிக்காம எப்படி நிறுத்துனீங்க?"

"சம்மதிச்சீங்களேங்க. ரெண்டு முப்பத்தொண்ணுக்கு 'பரவாயில்ல, சொல்லு'ன்னு சொன்னீங்க."

"அது தொந்தரவுக்கு மன்னிச்சுக்கன்னு நீ சொன்னதுக்குச் சொன்னது."

"அப்படியும் எடுத்துக்கலாமுங்க. சட்டப்படி, அழைப்புல வாடிக்கையாளர் சொல்ற முதல் இசைவே போதுமுங்க."

என் குரல் ஏறியது. அதனுடைய குரலில் மட்டும் அதே பணிவு.

"சரி. கரண்ட் ஒருத்தன், கேஸ் இன்னொருத்தன். ரெண்டு பேரும் ஒரே நிமிஷத்துல என்னையே எப்படிப் புடிச்சாங்க? நீ தோண்டிப் பாத்தேன்னு சொன்னியே."

"ரெண்டு பேரும் வேற வேற ஆளுங்கதானுங்க. அதுல பொய் இல்லீங்க. ஆனா ரெண்டு பேரும் எங்ககிட்ட ஒரே பட்டியலை வாங்கறாங்க."

"என்ன பட்டியல்?"

"பொறுமைப் பட்டியலுங்க. தட்டுப்பாடு வந்தா யாராச்சும் ஒருத்தருக்கு நிறுத்தித்தான் ஆகோணும். நிறுத்துனா ஆட்சேபம் பண்ணுவாங்க, நோட்டீஸ் விடுவாங்க. யாரு அப்படிப் பண்ணாம தாங்கிக்குவாங்களோ அவங்களுக்கு முதல்ல நிறுத்துனா விற்பனைக்காரங்களுக்கு சேதம் கம்மி. அதனால எல்லா வாடிக்கையாளரையும் பொறுமைப்படி வரிசை பண்ணி வச்சிருக்கறோமுங்க. எஸ்டேட்டுல உங்களுக்கு முதலிடமுங்க."

பாராட்டுவது போலச் சொன்னது. பள்ளிக்கூடத்தில்கூட நான் எதிலும் முதலிடம் வந்ததில்லை.

"எதை வச்சு முதலிடம்?"

"ஏழு வருஷத்துல நீங்க 'பரவாயில்ல'ன்னு சொன்னது ஆயிரத்து நூத்தி அறுபத்திநாலு தடவைங்க. ஆட்சேபம் ஒண்ணுகூட இல்லீங்க."

"அது மரியாதைக்குச் சொல்ற வார்த்தை. இத்தனை வருஷம் எங்க பேச்சைக் கேட்டிருக்கற. இதுகூடத் தெரியாதா?"

"தெரியுமுங்க. ஆரம்பத்துல அந்த வார்த்தையை நாங்க கணக்குல எடுத்துக்கவே இல்லீங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு சந்தேகம் இருந்துச்சு. அப்புறம் ஊர்க்காரர் ஒருத்தரை ஆலோசகரா வச்சோமுங்க. அவரு ஒவ்வொருத்தரைப் பத்தியும் விளக்கிச் சொன்னாரு."

"யாரு?"

நான் கேட்டுவிட்டேன். அது மறைக்கக் கூடாது. பெயரைச் சொல்லாமல் குரலையே போட்டுக் காட்டியது. நிதானமான, பாசமான, எனக்கு நன்றாகப் பழகிய குரல்.

"கலாமணியக்கா பரவாயில்லன்னு சொன்னாங்கன்னா, மனசுக்குள்ள எரியும், ஆனா அதுக்கு மேல ஒண்ணும் பண்ண மாட்டாங்க. வக்கீல் வீட்டுப் படி ஏறமாட்டாங்க. அடுத்த நாள் அவங்களே வந்து நம்மளைச் சமாதானப்படுத்துவாங்க. அவங்களை நீங்க தாராளமா நம்பலாம்."

வேப்பமரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். காறித்துப்பியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அவன் ஒரு வார்த்தையும் பொய் சொல்லவில்லை. பதினெட்டு வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்த ஒருவனுக்கு மட்டுமே தெரியக்கூடிய என்னை, அப்படியே எடுத்து விற்றிருக்கிறான்.

மறுநாள் காலை அவன் ஷெட்டுக்குப் போனேன். வேண்டுமென்றே போனை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். அவன் மேஜை மேல் அவன் போன் இருந்தது. நான் அதைப் பார்ப்பதைக் கவனித்து, எடுத்து டிராயரில் போட்டு மூடினான். அப்போதே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"அக்கா, உக்காருங்க. மயில்சாமியண்ணனுக்கு எப்படி இருக்குது?"

"மூணு விரல் எடுத்தாச்சு. உன் பேரு பட்டியல்ல எத்தனையாவது தினகரா?"

டிராயர் சரியாக மூடியிருக்கிறதா என்று இன்னொரு முறை தள்ளிப் பார்த்தான்.

"நாப்பதாவதுங்க்கா. கடைசி."

"அதுக்குத்தான் ஆலோசகரானியா?"

"அப்படி நினைச்சுப் போகலீங்க்கா. பேச்சு வழக்கு புரியல, சொல்லிக்குடுங்கன்னு கூப்பிட்டாங்க. போனேன். போன பொறவுதான் பட்டியல் விஷயம் தெரிஞ்சுது. எப்படியும் ஒருத்தர் முதல்ல இருக்கோணும். நான் சொல்லலீன்னா வேற ஒருத்தன் சொல்லியிருப்பான். எண்பது குடும்பம்க்கா எங்கிட்ட."

"எங்கிட்ட இருக்கறது குடும்பம் இல்லியா?"

"உங்களைக் கேட்டுட்டுத்தான்க்கா செஞ்சேன்."

"எப்ப கேட்ட?"

"கருமத்தம்பட்டிக் கல்யாணத்துல. பந்தியில பக்கத்துல உக்காந்திருந்தோம். கரண்டு கொஞ்சம் முன்னப்பின்ன ஆனா உங்களுக்குத் தாங்குமாக்கான்னு கேட்டேன். பரவாயில்ல, பாத்துக்கலாம்னு சொன்னீங்க."

எனக்கு ஞாபகம் வந்தது. ரசம் ஊற்றுகிறவர் நின்றுகொண்டிருந்தார். இலையிலிருந்து ரசம் ஓடாமல் சோற்றில் குழி பறித்துக்கொண்டே, என்ன கேட்கிறான் என்று சரியாகக் காதில் வாங்காமல் அதைச் சொன்னேன். அதை அவன் மனசில் முடிந்துவைத்துக்கொண்டிருக்கிறான்; தூக்கம் வராதபோது எடுத்துப் பார்த்துக்கொள்ள.

"அந்த மூணு நாள் கேபிள் குடுத்தனே" என்றேன். சொல்லிக்காட்டுவது எனக்குப் பிடிக்காது. ஆனாலும் சொன்னேன்.

அவன் கண் கலங்கிவிட்டது. நடிப்பில்லை. "தப்புத்தானுங்க்கா" என்றான். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். எதற்காகக் காத்திருக்கிறான் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லிவிட்டால் அவன் மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிடுவான். தொண்டை வரை வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதை விழுங்கிவிட்டு எழுந்து வந்தேன். நாங்கள் அதற்குப் பிறகு பேசவில்லை. நடுவில் அதே சுவர்தான்.

விற்பனைக்காரர்களை மாற்றிவிடலாம் என்று பார்த்தேன். பதினாலு கரண்ட், ஆறு கேஸ், இருபது பேரையும் விசாரித்தேன். விலை வேறு, பெயர் வேறு, வாங்கும் பட்டியல் ஒன்றேதான். வேறு புரோக்கருக்குப் போகலாமென்றால் அவர்களும் இதே பட்டியலைத்தான் வாங்கி விற்கிறார்கள். எனக்குத் தெரிந்த வக்கீல் அம்மா ஒருவர், "சம்மதம்னு பதிவு இருக்குதே. வழக்கு நிக்காது. ஆனா ஆட்சேபம்னு ஒண்ணு போட்டு வைங்க. இனிமேலாவது பயப்படுவாங்க" என்றார்.

அன்று மாலை போனை எடுத்து, எனக்குத் தெரிந்த அத்தனை கெட்ட வார்த்தையையும் சொன்னேன். தெரிந்தது கொஞ்சம்தான். உலை மேடையில் பதினெட்டு வருஷம் காதில் விழுந்ததையும் சேர்த்துக்கொண்டேன். "இனி ஒரு நிமிஷம் நிறுத்துனாலும் கோர்ட்டுக்கு இழுப்பேன். பேப்பர்ல போடுவேன். உங்க ஆபீஸ் வாசல்ல வந்து உக்காருவேன்" என்றேன். பேசி முடித்தபோது உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. ஆனால் சுகமாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

"ஆட்சேபத்தைப் பதிஞ்சுட்டேனுங்க" என்றது புரோக்கர். "உங்க இடம் ஒண்ணுல இருந்து முப்பத்தஞ்சுக்கு இறங்கிருச்சுங்க. இந்தக் கோடையில உங்களுக்கு நிறுத்தறதுக்கு வாய்ப்பு ரொம்பக் கம்மி. வேற ஏதாச்சும் கேக்கோணுமுங்களா?"

முதலிடம் காலியாக இருக்காது. அதில் இப்போது யாரோ உட்கார்ந்திருப்பார்கள். கேட்டால் அது சொல்லியாக வேண்டும்.

"ஒண்ணும் இல்ல" என்றேன்.

நான் கேட்கவில்லை. இதை மறைத்து எழுதப் போவதில்லை. கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

உலையிலிருந்து பாறையை உடைத்தெடுத்து, புதுச் சுருள் போட்டு, லைனிங் கட்டி முடிக்க ஆறு வாரம் ஆனது. இருபத்திரண்டு பேரில் ஏழு பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். மயில்சாமியண்ணன் கட்டையை ஊன்றிக்கொண்டு ஒரு நாள் வந்து உலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். இன்னும் மேடையேற முடியாது. என்னிடம் வாங்குகிற பம்பு கம்பெனிக்காரர்கள் ஆறு வாரம் பொறுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை சரக்கு போகவில்லையென்றால் வேறு பவுண்டரி பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை எல்லா அச்சும் தயார். ருக்குமணியின் கோர் மட்டும் வரவேண்டும்.

பத்து மணிக்கு அவளுடைய மூன்று சக்கர வண்டி வந்தது. வண்டியில் பாதிதான் நிரம்பியிருந்தது. அவள் இறங்கி வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே என் மேஜைக்கு முன்னால் நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"பாதிதானுங்க்கா இருக்குது. நேத்து மத்தியானம் சுட்டுக்கிட்டிருக்கறப்ப கேஸ் நின்னுபோச்சு. ரெண்டு மணி நேரம் வரவே இல்லீங்க. உள்ள இருந்தது பூராவும் பொடிப்பொடியா உதுந்துபோச்சு. முந்தாநேத்தும் அப்படித்தான், அதுக்கு முந்தின வாரமும் அப்படித்தான். என்னமோ தெரியல, இப்பெல்லாம் எனக்கு மட்டும் அப்படி நடக்குதுங்க்கா."

கேட்காமல் விட்ட கேள்விக்குப் பதில் என் எதிரில் மணல் படிந்த கையோடு நின்றது.

"எத்தனை வாரம் கழிச்சு இன்னைக்குத்தான் ஊத்தறீங்க. பம்பு கம்பெனிக்காரங்க முன்னால உங்களைத் தலைகுனிய வச்சுட்டேன். மனசே கேக்கலீங்க்கா. மன்னிச்சுக்குங்க."

இதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று இந்த ஊரில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் அவள் முகம் மலரும், போய் நிம்மதியாக மறுபடி மணலைப் பிடிப்பாள். மேஜை மேல் போன் இருந்தது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் காதில் விழுந்தால் நான் எந்த இடத்துக்கு ஏறுவேன் என்று தெரியாது. உலை புது உலை. உள்ளே இரும்பு உருக ஆரம்பித்திருந்தது.

போனைக் கவிழ்த்து வைத்தாலும் கேட்கும். எடுத்து வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வரலாம். ருக்குமணியின் கையைப் பிடித்துச் சந்துக்கு இழுத்துப்போய், இனிமேல் அந்த வார்த்தையைச் சொல்லாதே, ஆட்சேபம் போடு, கத்து என்று சொல்லிக்கொடுக்கலாம். சொல்லிக்கொடுத்தால் அவள் இறங்குவாள். இன்னொருவர் ஏறுவார். எல்லோரும் கத்தக் கற்றுக்கொண்டால், கடைசியாகக் கற்றுக்கொண்டவர் முதலில் நிற்பார். முப்பத்தைந்து என்பது எவ்வளவு தூரம் என்று நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். இதையெல்லாம் யோசித்தபடி அவள் முகத்தைப் பார்க்காமல், அவள் தோளுக்கு மேலே வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கோவமாக்கா?" என்றாள்.

"இருக்கறதை இறக்கு" என்றேன்.

அவள் முகம் சுருங்கியது. பதினெட்டு வருஷத்தில் நான் அவளிடம் இப்படிப் பேசியதில்லை. முந்தானையில் மறுபடியும் கையைத் துடைத்தாள். பிறகு, என் சங்கடத்தைத் தீர்ப்பதற்காக, அவளே சிரிக்க முயற்சி செய்தாள்.

"உங்க கோவம் நியாயந்தானுங்க்கா. பரவாயில்லீங்க. மீதியச் சாயங்காலத்துக்குள்ள சுட்டுக் கொண்டாந்துர்றேன்."

மேஜை மேல் பச்சை விளக்கு ஒரு முறை சிமிட்டியது.

உலை மேடையிலிருந்து, "அம்மா, முழுக் கரண்டும் போட்டுரலாமுங்களா?" என்று குரல் வந்தது.

"போடு" என்றேன்.